ஒன்றரைச் சுற்று

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் பதினான்காம் மாடி வீட்டின் படுக்கையறைக் கட்டிலில் மூன்று போர்வைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்திருந்தால், ஜெனாட் பழகப் போகிறாள் என்று அர்த்தம். வெறுந்தரையில் எதுவும் விழக்கூடாது. விழுந்தால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பார். அவர் இடிப்பதில் பிழை சொல்ல முடியாது. என்ன விழுகிறது என்று அவருக்குத் தெரிந்தால் இடிப்பதோடு நிறுத்துவாரா என்பது வேறு கதை.

போர்வை விரிப்பது அக்கா பேர்ணடெற்றின் வேலை. யன்னல் மறைப்பை இறக்குவதும், தோட்டாக்கள் பூட்டியிருக்கும் இரும்புப் பெட்டியைக் குசினிக்குக் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்துவதும் அவள் வேலைதான். பிறகு ஆறு பொய்த்தோட்டாக்களை எண்ணிக் கட்டிலில் வைப்பாள். அவற்றில் மருந்து இல்லை. அடிப்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சு பூசியிருக்கும். ஜெனாட் ரிவோல்வரைத் திறந்து காட்டுவாள். ஆறு ஓட்டைகளையும் இருவரும் குனிந்து பார்ப்பார்கள்.

"பார்த்தாச்சோ?"

"பார்த்தாச்சு."

பன்னிரண்டு வருடமாக ஒரு நாளும் இந்த இரண்டு சொற்களும் தவறியதில்லை.

ஜெனாட்டுக்கு நாற்பத்து மூன்று வயது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் வேலை. சோறும் கோழியும் நிரப்பிய தட்டங்கள் நகரும் பட்டியில் வரிசையாக வரும். ஒவ்வொன்றின்மேலும் ஈயத்தாள் மூடியை வைத்து, நாலு விளிம்பையும் இடது பெருவிரலால் அழுத்தி மடித்து அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துக்கு மேல். லண்டன், டெல்லி, வன்கூவர், கல்கரி என்று தட்டங்களில் ஊர்ப்பெயர் ஒட்டியிருக்கும். ஜெனாட் கனடாவுக்கு வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு விமானத்தில் ஏறியதில்லை.

கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, விருந்தினர் நாள் என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன் துப்பாக்கிச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப் போனாள். புதிதாக வருபவர்களின் கையில் அங்கே ரிவோல்வரைத்தான் கொடுப்பார்கள். மற்றவர்கள் இலக்கைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். ஜெனாட்டுக்கோ, ஆறும் முடிந்த பிறகு அதைத் திறந்து, கொட்டி, நிரப்பி, மூடுவதில் மனம் போய்விட்டது. ஒழுங்கான கைவேலை அது. பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்கலாம். வாழ்க்கையில் வேறெதிலும் அப்படிக் கண்டுபிடிக்க அவளால் முடிந்ததில்லை.

கோவில் மண்டபத்தில் ஒரு அன்ரி கேட்டா: "சண்டைக்குத் தப்பி ஓடி வந்தனீ பிள்ளை, உனக்கேன் துவக்கு?"

"அங்க மற்றவையின்ர கையில இருந்தது, அன்ரி. இது என்ர கையில இருக்கு," என்றாள் ஜெனாட். அன்ரி அதற்குப் பிறகு தேத்தண்ணியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டா.

அவள் பழகிய முறை பழைய முறை. ஆறாவது குண்டு போனதும், வலது பெருவிரல் திறப்பானை அழுத்தும். துப்பாக்கி இடது கைக்கு மாறும். இடது கையின் நடுவிரல் இரண்டும் சட்டத்துக்குள்ளால் போய் ஆறு ஓட்டையுள்ள சிலிண்டரை வெளியே தள்ளும். துப்பாக்கியின் வாய் வானத்தைப் பார்க்கும்போது இடது பெருவிரல் தள்ளுகம்பியை ஓங்கிக் குத்தும். சுட்ட தோட்டாக்களின் வெறுங்கோதுகள் விழும். அதற்குள் வலது கை இடுப்புப் பட்டியிலிருந்து லோடரை எடுத்து வந்திருக்கும். லோடர் என்பது ஆறு தோட்டாக்களை வட்டமாகப் பிடித்திருக்கும் ஒரு கட்டை. வாயைக் கீழே சரித்து, ஆறையும் ஆறு ஓட்டைக்குள் விட்டு ஒரு தள்ளுத் தள்ளினால் பிடி விடும். மூட வேண்டும். இவ்வளவும் இரண்டு செக்கன் நாற்பதுக்குள். பேர்ணடெற்றின் கொப்பியில் திகதியோடு இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பேர்ணடெற், தையற்கடையில் உடுப்புத் திருத்தி இருபது வருடம் உழைத்தவள். அளவு என்றால் கால் அங்குலத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். தங்கச்சியின் ஒவ்வொரு நிரப்பலையும் எழுதினாள். திகதி, நேரம், பிழைத்தால் கடைசிக் கட்டத்தில் காரணம்.

சென்ற சனவரியில் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. பெருவிரல்.

விரலை இழுக்கும் நாணின் உறை வீங்கிவிட்டது என்றார் டொக்டர். மணிக்கட்டிலிருந்து பெருவிரல் நுனி வரை ஒரு கவசம் தந்தார். வேலையில் ஒரே அசைவு, விளையாட்டிலும் அதே அசைவு, இரண்டில் ஒன்றை விடுங்கள் என்றார்.

வேலையை விட முடியாது. விளையாட்டை மாற்றலாம் என்றால், அதற்கும் வழி அடைபட்டிருந்தது. 2022ஆம் ஆண்டு வசந்தத்தில் கடையொன்றில் ஒரு பிஸ்டலை அவள் கையில் எடுத்துப் பார்த்திருந்தாள். தோட்டாக்கூட்டை அடியால் செருகினால் போதும், பெருவிரலுக்கு வேலை குறைவு. "கிறிஸ்மஸ் கழியட்டும், பாப்பம்," என்று வைத்துவிட்டு வந்தாள். கிறிஸ்மஸ் வருவதற்குள், ஒக்ரோபரில், நாடு முழுவதும் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டன. வைத்திருப்பவர் வைத்திருக்கலாம். ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சுடுபவர்களுக்கு விலக்கு உண்டு. இவள் சுடும் இரும்புத் தட்டுப் போட்டி அதில் சேராது.

"விக்கவும் ஏலாது, ஆருக்கும் குடுக்கவும் ஏலாது, வேற வாங்கவும் ஏலாது," என்றாள் பேர்ணடெற். "கலியாணத்தைவிட மோசமாயிருக்கு."

"கலியாணம் கட்டாதனீ கதைக்காத, அக்கா."

"கட்டாததாலதான் தெரியும்."

அந்த வருடம் ஜூனில் மாகாணத் தெரிவுப் போட்டி இருந்தது. ரிவோல்வர் பிரிவில் நான்கு பேரை ஓகஸ்டில் கல்கரியில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அனுப்பப் போகிறார்கள். மூன்று இடங்கள் முன்பே நிரம்பிவிட்டன. நான்காவது இடத்துக்கு உண்மையில் இரண்டே பேர்தான்: ஜெனாட், ஜெனோசன். ஜெனோசனுக்கு இருபத்தேழு வயது, ஸ்காபரோவில் பிறந்தவன், குளிரூட்டி திருத்துபவன். ஜெனாட் பல்லைக் கடித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் ஓகஸ்டில் ஒரு கிழமை லீவு கேட்டாள். தெரிவானால் கடிதம் கொண்டு வா, பார்ப்போம் என்றார். ஏழு நாள். தட்டத்தை மூடாமல், ஒருத்தி மூடிய தட்டத்தைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டு போகலாம். அந்த நினைப்பை அவள் அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அக்கா பழைய சூட்கேசின் சில்லுக்கு எண்ணெய் விட்டதைக் கண்டாள்.

எனவே கையை மாற்றினாள்.

புதிய முறையில் துப்பாக்கி வலது கையை விட்டு நகராது. இடது கை சிலிண்டரைத் தள்ளித் திறக்கும். துப்பாக்கி நிமிரும்போது இடது உள்ளங்கையின் அடிச்சதை தள்ளுகம்பியை அடிக்கும். அதே இடது கை பட்டியின் இடப்பக்கத்திலிருந்து லோடரை எடுத்து நிரப்பும். பெருவிரலுக்கு வேலையே இல்லை. சொல்லும்போது இலகு. ஆனால் பன்னிரண்டு வருடப் பழக்கம் கைக்குள் இருந்து இறங்க மறுத்தது. மணி அடித்ததும் வலது கை தானாகத் துப்பாக்கியை விட்டுவிட்டு, வெறும் இடுப்பைத் தடவியது. லோடர்க் கூடுகளை பேர்ணடெற் முன்பே வலப்பக்கத்திலிருந்து கழற்றி இடப்பக்கம் தைத்துக் கொடுத்திருந்தாள். பெப்ரவரியில் நாலு செக்கன். மார்ச்சில் மூன்று. ஏப்ரல் முதற் கிழமையில் இரண்டு எண்பது.

அந்தச் சந்தோசத்தோடு கழகத்துக்குப் போய், உண்மைத் தோட்டாவோடு முதன்முறை மணியோசைக்குச் சுட்டபோது, உள்ளங்கை கம்பியில் பட்டது, ஐந்து கோதுகள் விழுந்தன. ஆறாவது பாதி வந்து சரிந்து, கோதுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. தகடு திரும்பி இறங்காது. சிலிண்டர் மூடாது. புதிய தோட்டாவும் போகாது. கம்பியைத் தள்ளிப் பிடித்தபடி நகத்தால் கோதைக் கிண்டி எடுக்கப் பதினொரு செக்கன் போயிற்று.

"என்ன அன்ரி, முட்டை அடைகாக்குதோ உள்ளுக்க?" என்றான் ஜெனோசன்.

"அன்ரி எண்டு இன்னொருக்காச் சொன்னா, உன்ர வானின்ர ஏசியைக் கழட்டிப்போடுவன்."

"சீரியஸ்லி, நீங்கள் தட்டுறீங்கள். ஹிட் பண்ணேல்ல."

அவன் சொன்னது சரிதான் என்பது காரில் வரும்போது உறைத்தது. வீட்டுப் பொய்த்தோட்டாக்கள் சுடப்படாதவை. சுட்ட கோது வீங்கி ஓட்டைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பெயர்க்க ஓங்கி அடிக்க வேண்டும். பொய்த்தோட்டாவோ சரித்தாலே தானாக விழும். இரண்டு மாதமாக அவள் உள்ளங்கை தடவப் பழகியிருந்தது.

"அது இறுக்கமாயிருந்தா நீ அடிப்பாய்," என்றாள் பேர்ணடெற். அன்று பின்னேரமே மேசையில் ஆறு பொய்த்தோட்டாக்களையும் வரிசையாக வைத்து, ஒட்டுநாடாவை மெல்லிய கீலமாக வெட்டி, ஒவ்வொன்றின் இடுப்பிலும் சுற்றினாள். ஒரு சுற்று காணாது, இன்னும் விழுந்தது. இரண்டு சுற்று கூடிப்போயிற்று, உள்ளே போகவில்லை. ஒன்றரைச் சுற்றில் சரியாக இருந்தது. லோடரிலிருந்து இறங்கும், ஆனால் ஓங்கி அடித்தால்தான் வெளியே வரும். கொப்பியில் எழுதினாள்: ஒன்றரைச் சுற்று.

மே மாதம் மழைக்கு, குண்டுகளைத் தடுக்கும் மண்ணணை சரிந்து, சுடுமிடத்தைப் போட்டி வரை மூன்று கிழமை மூடிவிட்டார்கள். அந்த மூன்று கிழமையும் ஜெனாட் வீட்டிலேயே ஒரு நாளைக்கு அறுபது தடவை அடித்தாள். உள்ளங்கை காய்ப்புப் பிடித்தது. இரண்டு செக்கன் எழுபது. நாடாவின் ஓரம் சுருண்டபோதெல்லாம் பேர்ணடெற் உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றினாள். துப்பாக்கியை ஜெனாட் உலர்ந்த துணியால் வெளிப்புறம் துடைத்து வைத்தாள். எண்ணெயும் தூரிகையும் போட்டுக் கழுவுவது சுட்ட பிறகு செய்யும் வேலை. சுடாத துப்பாக்கியை யாரும் கழுவுவதில்லை.

போட்டி நாள் வெயில் நெருப்பாக எறித்தது. ஐந்து சுற்றுகள். நேரம் மட்டும்தான் கணக்கு. முதல் இரண்டிலும் ஜெனாட்டின் உள்ளங்கை அடித்த அடிக்கு ஆறு கோதுகளும் ஒரே சத்தத்தோடு சரளைக்கல்லில் கொட்டின. மூன்றாவதில் லோடர் உள்ளே போகக் கொஞ்சம் யோசித்தது. கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தாள். நாலாவதிலும் அப்படித்தான். கை வியர்த்திருக்கும் என்று நினைத்துக் காற்சட்டையில் துடைத்தாள்.

நாலு சுற்று முடிவில் அவள் ஜெனோசனைவிட ஒரு செக்கனின் நூறில் எண்பத்தெட்டுப் பங்கு முன்னால் நின்றாள். பேர்ணடெற் மடக்குக் கதிரையில் குடையைப் பிடித்தபடி கூட்டிப் பார்த்தாள். ஐந்தாவது சுற்று: ஆறு தட்டு, நிரப்பல், மீண்டும் ஆறு தட்டு. ஜெனோசன் முதலில் சுட்டான். ஒன்பது அறுபத்திரண்டு.

"பத்தரைக்குள்ள முடிச்சாக் காணும்," என்றாள் பேர்ணடெற். "வழமையா உனக்கு ஒன்பதரைகூட எடுக்காது. அவசரப்படாத பிள்ளை."

ஜெனாட் கோட்டில் போய் நின்றாள். மணி அடித்தது. ஆறு தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. திறந்தாள், நிமிர்த்தினாள், அடித்தாள். ஆறும் போயிற்று. வலது கை அசையவேயில்லை. பழைய பழக்கம் இறங்கிவிட்டது என்று அந்த நொடியில்கூட ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. இடது கை லோடரோடு வந்து, ஆறு முனையும் ஆறு ஓட்டைக்குள் போய், தள்ளினாள். பிடி விட்டது.

சிலிண்டர் மூடவில்லை.

இரண்டு தோட்டாக்கள் ஒரு நெல்மணி உயரத்துக்கு வெளியே நின்றன. உள்ளங்கையால் தட்டினாள், அசையவில்லை. இந்தச் சின்ன வட்டத்துக்குள் அழுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கவசத்தை அன்று காலையில் கழற்றியிருந்தாள். பெருவிரலை வைத்து அழுத்தினாள். மணிக்கட்டு வரை நெருப்பு ஓடியது. ஒன்று இறங்கியது. மற்றதையும் அழுத்தினாள். மூடினாள். ஆறு தட்டும் விழுந்தன, ஒன்றுகூடத் தப்பவில்லை.

மணிகாட்டியைப் பார்த்த அலுவலர் தலையைச் சரித்துப் படித்தார். பத்து எழுபத்தொன்று.

பேர்ணடெற் எழுதவில்லை. பென்சில் அந்தரத்தில் நின்றது.

ஜெனோசன் வந்து, கைகொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், கீழே கிடந்த அவளுடைய லோடரைப் பொறுக்கித் தந்தான். "கன் சரியில்லப் போல. திருப்பிச் சுட விடச் சொல்லிக் கேளுங்கோ, அக்கா."

"துவக்கு என்ர. சரியில்லாட்டி அதுவும் என்ர," என்றாள் ஜெனாட். "கல்கரிக்குப் போயிட்டு வா. அங்க தேத்தண்ணி குடுக்கமாட்டினம், கோப்பிதான்."

வரும் வழியில் இருவருக்கும் பசித்தது. மார்க்கம் வீதிக் கடையில் பொரிக்கிற ரோல்ஸ் மணந்தது. ஆனால் காரின் பின்பெட்டியில் துப்பாக்கி இருக்கும்போது வழியில் நிறுத்துவதில்லை. அனுமதி, வீட்டிலிருந்து சுடுமிடத்துக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் நேர்வழியில் போகத்தான். 401 நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. நிற்கவும் முடியாது, போகவும் முடியாது. கண்ணாடியில் வெயில்.

"நான் அழுத்தினது பிழையோ? ஒண்டை எடுத்திட்டு அஞ்சு தோட்டாவோட மூடியிருக்கலாமோ?" என்று ஜெனாட் கேட்டாள்.

"அஞ்சோட எப்பிடி ஆறு தட்டு விழுத்துவாய்?" என்றாள் பேர்ணடெற்.

குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து, ஜெனாட் கழுவத் தொடங்கினாள். எண்ணெய் நனைத்த துணியை முதல் ஓட்டைக்குள் விட்டு இழுத்தாள். கரி வரும் என்று பார்த்தாள். வந்தது கரியல்ல, மண்ணிறத்தில் சீனிப்பாணிபோல ஒன்று. துணி விரலோடு ஒட்டி வந்தது. இரண்டாவது ஓட்டையிலும் அதுதான். அவளுக்கு விளங்கிவிட்டது. துணியைச் சுருட்டிக் கைக்குள் மறைத்தாள்.

"என்ன அது?" என்றாள் பேர்ணடெற், வாசலில் நின்று.

"ஊத்தை."

"ஊத்தை ஒட்டாது. தா."

துணியை வாங்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசித்து, விரல்களை விரித்தாள். மெல்லிய நூல்போல இழுபட்டது. மணந்து பார்த்தாள். இருபது வருடம் துணியில் நாடா ஒட்டி அளவெடுத்தவளுக்கு அந்த மணம் தெரியாமலிருக்க வழியில்லை. நாடாவின் பசை ஒவ்வொரு நாளும் ஓட்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கி, சூட்டில் இளகி, கரியோடு குழைந்திருந்தது.

"நான் சுத்தினது," என்றாள்.

"நான் கழுவேல்லை. சுடாத துவக்கை ஆர் கழுவுறது எண்டு விட்டிட்டன்."

"நீ கழுவ வேண்டி வந்ததே நான் சுத்தினதாலதான்."

"அக்கா, நீ சுத்தாட்டி நான் அடிக்கப் பழகியிருக்க மாட்டன். ரெண்டாம் சுற்றிலயே முட்டை அடைகாத்திருக்கும்."

பேர்ணடெற் சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்து, வெறுமையாக விட்டிருந்த வரியில் பத்து எழுபத்தொன்று என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் 'பசை' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள். ஜெனாட் பென்சிலைப் பறித்து அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினாள். பிறகு ஆறு ஓட்டைகளையும் கழுவி முடிக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒருத்தி தூரிகையைப் பிடித்தாள், மற்றவள் துணி வெட்டிக் கொடுத்தாள். பேர்ணடெற் போய்ச் சூட்கேசைப் பழையபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எண்ணெய் விட்ட சில்லு சத்தமில்லாமல் உருண்டது.

மறுநாள் பட்டியில் வந்த முதல் தொகுதித் தட்டங்களில் கல்கரி என்று ஒட்டியிருந்தது. ஜெனாட் முதல் மூடியை வைத்து விளிம்பில் பெருவிரலை ஊன்றினாள். முந்தின நாள் அழுத்திய அழுத்தில் விரல் மடங்க மறுத்தது. தட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. யோசிக்க நேரமில்லை. இடது உள்ளங்கையின் அடிச்சதை தானாக இறங்கி, காய்ப்புப் பிடித்த இடத்தால் விளிம்பை ஓங்கி ஒரு அடி அடித்தது. ஈயத்தாள் மடிந்து இறுகியது. தட்டத்தைத் திருப்பினாள், மற்றப் பக்கம். மடிந்தது.

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் குனிந்து மூடியைப் பார்த்தார். பெருவிரலால்தான் மூட வேண்டும், அப்படித்தான் காட்டித் தந்திருக்கிறோம் என்றார்.

"இறுகியிருக்கோ பாருங்கோ," என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள் ஜெனாட்.

அவர் இழுத்துப் பார்த்தார். இறுகித்தான் இருந்தது. அடுத்த வரிசைக்குப் போனார். ஜெனாட் அடுத்த தட்டத்தை அடித்தாள். அன்று மத்தியானம் வரைக்கும் கல்கரிதான் வந்துகொண்டிருந்தது.